தாக்கப்படாத கோட்டையும் போரில் பங்கேற்றதுதான்
நியூ மெக்சிகோவின் யூனியன் கோட்டை ஒருமுறைகூடத் தாக்கப்படாததால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அதற்குப் பெரிய பங்கில்லை என்று ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. 1862-இல் டெக்சாஸிலிருந்து படையெடுத்து, நியூ மெக்சிகோவின் வால்வெர்டேயில் வென்று, ஆல்புகர்க்கி, சாண்டா ஃபே நகரங்களையும் கைப்பற்றிய தென்தரப்புத் (பிரிந்து சென்ற தென் மாநிலங்களின்) தளபதி சிப்ளியின் அடுத்த இலக்கே இக்கோட்டையின் உணவு, ஆயுதக் கிடங்குகள்தான். போருக்கு முன் அங்கேயே பணியாற்றியவர் என்பதால் அவற்றின் மதிப்பை அவர் நன்கு அறிந்திருந்தார். கடுங்குளிரில் விரைந்து நடந்து வந்த, வடதரப்பைச் சேர்ந்த கொலராடோ தன்னார்வப் படையினர், அவருக்கு முன்பாகவே மார்ச் மாதத்தில் இக்கோட்டையை அடைந்து, இங்கிருந்தே குளோரியெட்டா கணவாய்க்குப் புறப்பட்டனர். அங்கே மார்ச் 28 அன்று நேரடி மோதலில் தென்தரப்பின் கை ஓங்கியிருந்தபோதிலும், மலையேறிச் சுற்றிச் சென்ற ஒரு வடதரப்புப் பிரிவு தென்தரப்பின் பொருள் வண்டிகளை எரித்தழித்ததால், உண்ண வழியின்றி அப்படை டெக்சாஸுக்கே பின்வாங்க நேர்ந்தது.