மெட்ஃபார்மின் மறதியைத் தருமா?

சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை மூளையை மழுங்கடிக்கும் என்றும், தேவகோட்டையிலுள்ள தம் ஐயா அதை நிறுத்திய பிறகே தெளிவாகப் பேசுகிறார் என்றும் ஓர் அன்பர் எழுதியிருப்பது, பாதி உண்மையைக் காட்டித் தவறான முடிவுக்கு இழுத்துச் செல்கிறது.

மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் உட்கொள்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 உடலில் சேர்வது குறைகிறது. அக்குறைபாடு மறதி, குழப்பம், கால் மரத்துப்போதல் ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். அசைவத்தை அறவே விட்டுவிட்ட முதியவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் 2022இல் இதுபற்றி அறிவுறுத்தியது. ஆயினும் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, அறிகுறி உள்ளவர்களுக்கு பி12 அளவைப் பரிசோதிக்கவே சொன்னது.

மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவது சர்க்கரை நோய்தான். அதற்காகச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிப்பதிலும் ஆதாயமில்லை: சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான அக்கார்டு-மைண்ட் ஆய்வில், சர்க்கரையைத் தீவிரமாகக் குறைத்த பிரிவினரின் சிந்தனைத் திறன் 40 மாதங்களுக்குப் பின்னும் மற்றவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை.

முதியவர்கள் விஷயத்தில் நான் அதிகம் அஞ்சுவது தாழ்சர்க்கரையை, அதாவது இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துபோவதைத்தான். காலையில் கிளிமெபிரைடு என்னும் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, முன்னோருக்கான படைப்பு முடியட்டும் என்று பிற்பகல்வரை பட்டினி கிடக்கும் அப்பத்தா வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால், அதை வயதின் தடுமாற்றம் என்று விட்டுவிடாமல், விழுங்க முடிகிற நிலையில் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

அந்த ஐயாவுக்கு பி12 பரிசோதனை செய்யப்பட்டதா, உடன் வேறென்ன மாத்திரைகள் இருந்தன என்பதை அன்பர் தெரிவித்தால் நலம்.