கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சன்னல்

கொரோனா ஊரடங்கால் 2020 மார்ச் நடுவில் மூடிய எங்கள் ஜிம் ஆகஸ்ட் 10ஆம் தேதி திறந்தது. ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் போனேன். பெரம்பூரில் ஒரு சந்துக்குள் முதல் மாடி. வாசலிலேயே நெற்றிக்கு நேரே வெப்பமானி, விரலில் இரத்த ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிமீட்டர், ஒரு நோட்டில் பெயர், வயது, கைபேசி எண். எனக்கு ஆக்சிஜன் 97 காட்டியது, உள்ளே விட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவரை விடவில்லை. அவருக்கு 52 வயது.

அவரை நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, இன்றைக்கும் ஒரே மூச்சில் நூறு தண்டால் எடுப்பார். "மாஸ்டர் என்ன செய்வார், 50 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மட்டும் என்று அரசாங்கமே சொல்லிவிட்டதே" என்றபடி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். எனக்கு 44. மூன்று வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அதை யாரும் கேட்கவில்லை. 65 வயதைத் தாண்டியவர்களும் வேறு நோய் உள்ளவர்களும் மூடிய கூடங்களுக்குப் போக வேண்டாம் என்பதுதான் மத்திய சுகாதார அமைச்சகத்தின் அப்போதைய வழிகாட்டுதல். அதன்படி படியிறங்கியிருக்க வேண்டியவன் நான்.

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. ஊரடங்கில் வீட்டிலேயே அடைந்து கிடந்ததில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் HbA1c அளவு 6.8 சதவீதத்திலிருந்து 8.1க்கு ஏறிவிட்டது. ஜிம்முக்குப் போவது உடம்பைக் காட்டத்தான் என்று நினைப்பவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளே மாஸ்டர் ஒவ்வொரு டம்பலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கிருமிநாசினி பட்டுப் பட்டு அவர் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. ஐந்து மாத வாடகைப் பாக்கிக்காக ஒரு டிரெட்மில்லை விற்றுவிட்டிருக்கிறார். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது: சன்னல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு பேர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். முகக்கவசம் பாதிப் பேருக்குத் தாடையில்.

தென்கொரியாவின் சோனான் நகரில் பிப்ரவரியில் நடந்ததை அவரிடம் சொன்னேன். நடன உடற்பயிற்சி வகுப்புகளிலிருந்து 12 கூடங்களில் தொற்று பரவி, மார்ச் தொடக்கத்துக்குள் 112 பேரைத் தொட்டது. சுமார் 60 சதுர மீட்டர் அறையில் 22 பேர் வரை, ஐம்பது நிமிடம் குதித்து ஆடியிருக்கிறார்கள். அதே பயிற்சியாளர்களில் ஒருவர் ஏழெட்டுப் பேருக்கு யோகாவும் பிலாட்டிஸ் என்ற நிதானமான உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். அங்கே ஒருவருக்கும் வரவில்லை. ஆள் நெருக்கமும் மூச்சின் வேகமும்தான் ஆபத்தைக் கூட்டியிருக்கின்றன என்று அங்கே ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். டம்பலை எத்தனை முறை துடைத்தாலும் அறைக்குள் தங்கும் மூச்சுக் காற்று வெளியே போகாது.

ஆளுக்கு 4 சதுர மீட்டர் இடம், வெளிக்காற்று வந்துபோக வழி என்று அந்த வழிகாட்டுதலிலேயே இருந்தது. எங்கள் வாசலில் ஆளைத் திருப்பி அனுப்பியது வயது மட்டும்தான். ஐம்பது என்று ஒரு கோட்டைக் கிழித்து உடம்பைப் பேணுகிற மனிதரை வெளியே நிறுத்துவதைவிட, சன்னல் திறந்திருக்கிறதா, ஒரு நேரத்தில் எத்தனை பேர் என்று பார்க்க ஓர் அதிகாரியை அனுப்புங்கள். இதை மாநகராட்சிக்கு மனுவாக எழுதியிருக்கிறேன்.

மாஸ்டர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பெஞ்சுக்குப் பின்னால் உள்ள பெரிய கண்ணாடியைக் காட்டி, "அதற்குப் பின்னால் ஒரு சன்னல் இருக்கிறது. ஏசி போட்டபோது பலகை வைத்து அடைத்தோம்" என்றார். இன்று காலை நாலு பேர் சேர்ந்து கண்ணாடியை இறக்கி, பலகையின் திருகுகளைக் கழற்றினோம். கம்பிகளுக்கு நடுவே புறா கூடு கட்டிய குச்சிகள், ஒரு கை மண். எதிர்ச் சன்னலையும் திறந்ததும் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி படபடவென்று அடித்தது. அதில் இன்னும் மார்ச் மாதம்தான் இருந்தது.

நாளையிலிருந்து காலை ஐந்தரைக்கு ஐந்து பேர் மட்டும், ஏசி கிடையாது. மார்ச்சில் நான் தூக்கிய எடையில் பாதிதான் தொடக்கம், மாஸ்டரின் கட்டளை. பத்து கிலோ டம்பல் இரண்டை அண்ணன் வீட்டு மொட்டை மாடிக்கு அவரே பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.