பாஸ்வேர்டு யார் கையில் இருக்கிறது?

ஜூலை நெருங்கிவிட்டால் எங்கள் கடைத்தெருவில் ஒரே விசாரிப்புதான்: "ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டீர்களா?" பான் அட்டை நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கட்டணமும் கொடுப்பது நியாயம். பலர் வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். கொடுப்பதாவது, அதை உருவாக்கியதே அந்த அலுவலகத்துப் பையன்தான். தளத்தில் பதிவாகியிருக்கும் செல்பேசி எண் அவர்களுடையது, மின்னஞ்சலும் அவர்களுடையது. துறை நோட்டீஸ் அனுப்பினால் உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

சின்னக் கடை நடத்துபவர்களும், சம்பளம், வாடகை, வட்டி என்று நேரான வருமானம் உள்ள குடும்பங்களும் தங்கள் வருமான வரிக் கணக்கை, அதாவது ரிட்டர்னை, தாங்களே கணினியில் போடலாம். போட வேண்டும் என்பது என் கட்சி. ஆயிரம் இரண்டாயிரம் மிச்சமாகும் என்பதற்காகச் சொல்லவில்லை. 2025 ஜூலையில் மத்திய நேரடி வரிகள் வாரியம் நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. இல்லாத வாடகையையும் கொடுக்காத நன்கொடையையும் காட்டி, கட்டிய வரியை ரீஃபண்டாகத் திரும்ப வாங்கித் தரும் இடைத்தரகர்களைக் குறிவைத்த சோதனை அது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. இந்தத் தரகர்கள் மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல்களை உருவாக்கி, வேலை முடிந்ததும் அவற்றைக் கைவிட்டுவிடுகிறார்கள். அதனால் துறை அனுப்பும் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடக்கின்றன என்று வாரியமே அறிக்கையில் சொன்னது. ரீஃபண்ட்டில் பங்கு வாங்கியவர் போய்விடுவார். வரியும் வட்டியும் அபராதமும் பான் எண்ணுக்கு உரியவர் தலையில்தான் விழும்.

"மென்பொருள் வாங்க வேண்டுமே" என்பார்கள். வேண்டாம். துறையின் தளத்திலேயே நேரடியாக நிரப்பலாம். இணையம் விட்டுவிட்டு வரும் ஊர் என்றால் அவர்கள் தரும் இலவச மென்பொருளை இறக்கிவைத்து நிதானமாக நிரப்பி, பிறகு ஏற்றலாம். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் நூறு பேருக்கு ரிட்டர்ன் போடுகிறவருக்குத்தான் லாபம். 2021 ஜூனில் புதிய தளம் வந்தபோது அது பட்ட பாட்டைப் பார்த்து ஓடியவர்கள் பலர் இன்னும் அந்தப் பக்கம் தலை வைக்கவில்லை. இப்போது அவ்வளவு மோசமில்லை. கடைசி வாரத்தில் மட்டும் மூச்சு வாங்கும்.

சின்னக் கடைக்காரர்களுக்கு உரிய ரிட்டர்ன் படிவம் ஐடிஆர் 4, 'சுகம்' என்று பெயர். விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று வைத்துக்கொண்டு அனுமான லாபம் காட்டும் வசதி இதில் இருக்கிறது. ஆண்டு விற்பனை 36 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் யுபிஐ, வங்கி வழியாக வந்தது 22 லட்சம். அதற்கு 6 சதவீதம், 1,32,000 ரூபாய். ரொக்கமாக வந்தது 14 லட்சம். அதற்கு 8 சதவீதம், 1,12,000. ஆக 2,44,000 ரூபாய் லாபம். மென்பொருள் இதை நொடியில் போட்டுக் காட்டிவிடும். ஆனால் 22, 14 என்ற அந்த இரண்டு எண்களை அதற்கு யார் சொல்வது? அங்கேதான் பலர் விழிக்கிறார்கள். ரொக்கத்தையும் யுபிஐயையும் பிரித்து எழுதும் பழக்கம் கல்லாப்பெட்டியில் கிடையாது. ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர் தோராயமாக ஓர் எண்ணைப் போட்டு முடித்துவிடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 6, 8 என்பவை குறைந்தபட்சம். அதற்கு மேல் சம்பாதித்திருந்தால் மேலேதான் காட்ட வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆண்டு முழுதும் கூட்டம் அலைமோதும் கடைக்கு சொல்லி வைத்தாற்போல் 8 சதவீதம் எழுதிவிட்டு, கட்டடக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது "மூன்று வருட ரிட்டர்னில் இவ்வளவுதானே வருமானம்" என்று மேலாளர் உதட்டைப் பிதுக்கினால் கோபப்பட்டுப் பயனில்லை.

அந்தப் படிவம் இன்னும் சில கேள்விகள் கேட்கும்: மார்ச் 31 அன்று கடையில் இருந்த சரக்கின் மதிப்பு, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி, கையிருப்பு ரொக்கம். ரிட்டர்னைத் தானே போடுகிறவர் மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு அலமாரி அலமாரியாக எண்ணி எழுதுவார். நானும் எண்ணுகிறேன். எங்கள் ஸ்டேஷனரிக் கடையில் விற்காத பழைய டைரிகள் எவ்வளவு பணத்தை முடக்கிவைத்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிகிறது.

எழுதும் முறை பெரிய வித்தை ஒன்றுமில்லை. கணினியில் ஓர் எக்செல் பக்கம்: தேதி, ரொக்க விற்பனை, யுபிஐ விற்பனை, கொள்முதல், செலவு. கியூஆர் அட்டையை வீட்டுச் சேமிப்புக் கணக்கோடு இணைக்காமல் கடைக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்வது அதைவிட முக்கியம். ஒரே கணக்கில் சீட்டு எடுத்த பணம், மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்று, கோயில் வசூல் எல்லாம் விற்பனையோடு கலந்து கிடந்தால் எந்த மென்பொருளாலும் பிரித்துத் தர முடியாது. கர்நாடகத்தில் 2025 ஜூலையில் யுபிஐ வரவை வைத்து வணிக வரித்துறை சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூருவில் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி மாட்டினார்கள். அட்டையைக் கழற்றினால் பழைய வரவு அழிந்துவிடுமா என்ன?

வீட்டுக் கணக்கில் வேறு சிக்கல். ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் தளத்தில் திறந்தால் உங்கள் பான் எண்ணில் வந்த வட்டி, டிவிடெண்டு, முன்கூட்டியே பிடித்த வரியான டிடிஎஸ் எல்லாம் வரிசையாக நிற்கும். படிவத்தில் பல கட்டங்கள் ஏற்கனவே நிரம்பியே வரும். அதை அப்படியே ஒப்புக்கொள்வதுதான் ஆபத்து. அம்மாவின் பணத்தை வைப்புநிதியில் போடும்போது வசதிக்காக மனைவியின் பெயரை முதலில் எழுதியிருப்போம். வட்டி முழுவதும் மனைவியின் ஏஐஎஸ்ஸில் வந்து உட்காரும். அது யாருடைய பணம் என்று மென்பொருள் கேட்காது. 'இது வேறொருவருக்கு உரியது' என்று பதில் பதிவு செய்ய அங்கேயே வழி இருக்கிறது. அதற்கு அந்தப் பணத்தின் கதை தெரிந்தவர் திரையின் முன் உட்கார வேண்டும். மாடி போர்ஷன் வாடகையும் அப்படித்தான். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில்தான் சேரும், வாடகையைக் கையில் வாங்குகிறவர் யாராக இருந்தாலும்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் அங்கே காட்டிய விற்பனையும் இங்கே காட்டுவதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டும் இப்போது ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. ரிட்டர்னை அனுப்பிய பிறகு 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி வழியாகவோ வேறு வழியிலோ சரிபார்த்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் உரிய தேதியில் போட்டதாகவே கணக்கில்லை.

பாஸ்வேர்டு தெரியாதவர்கள் ஜூலைவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆதார் இணைந்த செல்பேசி கையில் இருந்தால் இன்றே மாற்றிவிடலாம். உள்ளே போனதும் சுயவிவரப் பக்கத்தில் எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள். ஆடிட்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல ஆடிட்டர் என்றால் நிம்மதிதான் அடைவார்.

ஆடிட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலம் விற்றிருந்தால், கூட்டு வியாபாரத்தில் பங்குதாரர் என்றால், பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் செய்து நஷ்டப்பட்டிருந்தால் ஐடிஆர் 4 பக்கம் போகவே கூடாது. நேரே நல்ல ஆடிட்டரிடம் போங்கள், அவர் கேட்கும் கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.