எலியட்ஸ் பீச் எலியட்டில் தொடங்கவில்லை

பெசன்ட் நகர் பீச்சின் வரலாறு என்று யார் எழுதினாலும் எட்வர்ட் எலியட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். மதராஸின் தலைமை மாஜிஸ்திரேட்டாக இருந்த வெள்ளைக்காரர். இன்றைய ராதாகிருஷ்ணன் சாலைக்கும் ஒரு காலத்தில் அவர் பேர்தான், அங்கே மாற்றிவிட்டார்கள், இங்கே ஒட்டிக்கொண்டது. சரி, பேர் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பெசன்ட் நகர் என்ற குடியிருப்பே உருவாகாத காலத்திலிருந்து வடக்குப் பக்கம் ஊரூர் குப்பம் என்ற மீனவர் குடியிருப்பு இருக்கிறதே, அது ஏன் யாருடைய பட்டியலிலும் வருவதில்லை?

இங்கே வருகிறவர்கள் அதிகம் படம் எடுத்துக்கொள்வது ஷ்மிட் நினைவிடத்தில். அந்த வெள்ளை வளைவு ஏன் நிற்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், பத்துப் பேரில் ஒருவர் சொன்னால் அதிகம். 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் இந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மூழ்கி இறந்த டென்மார்க்காரர் ஷ்மிட். கல்வெட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது, அதையும் பாதிப் பேர் முதுகால் மறைத்துக்கொண்டுதான் போஸ் கொடுக்கிறார்கள். அந்த ஆளைக் கொன்றது இங்குள்ள நீரோட்டம். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நினைவிடத்துக்கு நேர் எதிரே இடுப்பளவு தண்ணீரில் கல்லூரிப் பசங்கள் ஆட்டம் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்த நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டி என்று பேர் வைத்து, காற்றை வைத்தே மீன்பாடு சொல்கிறவர்கள் குப்பத்துக்காரர்கள். யாராவது அலையில் மாட்டினால் முதலில் ஓடி வருவதும் அவர்கள்தான். நமக்கோ அவர்கள் வஞ்சிரம் வறுவலோடு முடிந்துபோகிறார்கள். அப்புறம், வலை காயப்போட்டால் 'பீச் அசிங்கமாக இருக்கிறது' என்று புகார் வேறு!

மற்ற அடையாளங்கள் எல்லாம் ஊரூர் குப்பத்துக்குப் பிறகு அடுக்கடுக்காக வந்தவை. அடையாறு தியோசாபிகல் சொசைட்டி 1882-ல் வந்தது. அதன் முதல் தலைவர் ஆல்காட் பேரில்தான் ஆல்காட் குப்பம். வேளாங்கண்ணி கோயிலும் அஷ்டலட்சுமி கோயிலும் எழுபதுகளில் வந்தவை, அதாவது எங்கள் அப்பா தலைமுறைக்குக் கண்முன்னே எழும்பியவை. அடையாற்றின் முகத்துவாரத்தில் நிற்கும் உடைந்த பாலத்தைச் சினிமாக்காரர்கள் பிரபலமாக்கிவிட்டார்கள். அது 1977-ல் ஆற்றின் வேகத்தில் இடிந்தது. அதற்கு முன்பு குப்பத்து ஆட்கள் அக்கரையில் பட்டினப்பாக்கம் பக்கம் நடந்தே போய்வந்த வழி அது. நமக்கு அது போட்டோ பாயிண்ட், அவர்களுக்கு அறுந்துபோன பாதை.

ஷ்மிட் நினைவிடத்துக்கு அவ்வப்போது வெள்ளையடிக்கிறார்கள், நல்லது. பக்கத்தில் தமிழில் ஒரு பலகை வையுங்கள்: அவர் யார், எப்படி இறந்தார், எங்கே இறங்கக் கூடாது. கடைசி விஷயத்தை எழுத எந்த நிபுணர் குழுவும் வேண்டாம். எந்த மாதம் எந்த இடத்தில் கடல் இழுக்கும் என்று ஊரூர் குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.