கறிவேப்பிலைக்கு வந்த வாழ்வு

ஊரில் காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு. இங்கே அமெரிக்காவில் அதற்குப் பிளாஸ்டிக் உறை, பார்கோடு, டாலரில் விலை! சரி, கொடுத்துத் தொலைக்கலாம் என்றால் பாதி இலை கறுத்துப்போய்க் கிடக்கிறது. அடுத்த லோடு எப்போது என்று கேட்டால் கடைக்காரர் கூரையைப் பார்க்கிறார். ஊரிலிருந்து கொண்டுவரவும் வழியில்லை. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை நாசமாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம். விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். நியாயம்தான். என் ரசத்துக்கு யார் பதில் சொல்வது? காய்ந்த இலையைத் தாளித்தால் சடசடப்பும் இல்லை, வாசனையும் இல்லை, சருகுதான் கருகுகிறது. இந்த லட்சணத்தில் அம்மா போனில் கேட்கிறாள்: "கறிவேப்பிலையை ஒதுக்கி வைக்காம சாப்பிடுறியா?" ஒதுக்குவதா? காம்பைக்கூட விடுவதில்லை அம்மா!