அபீலியன் வந்து கொழும்பைக் குளிரவைக்கவில்லை

விடியற்காலையில் வெள்ளவத்தைப் பக்கம் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வை தேடினால் போதும், அந்தப் பழைய வட்ஸ்அப் செய்தி திரும்ப வந்துவிடும்: "நாளை காலை 5.27 முதல் பூமி சூரியனைவிட்டு 66 சதவீதம் விலகும். ஓகஸ்ட் 22 வரை குளிர், காய்ச்சல், இருமல்." எந்த வருடம் என்று அதில் இல்லை. அதனால்தான் அந்த 'நாளை' முடிவதே இல்லை.

அந்தச் செய்தி 'அபீலியன்' என்று சொல்வது, அதாவது பூமி சூரியனிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும் நிலை, உண்மைதான். பூமியின் பாதை சற்று நீள்வட்டம் என்பதால், ஒவ்வொரு ஜூலைத் தொடக்கத்திலும் தூரம் சுமார் 152 மில்லியன் கிலோமீற்றர் ஆகும். ஜனவரியில் 147 மில்லியன். வித்தியாசம் 3 சதவீதம் சொச்சம். வழமையான தூரம் 90 மில்லியன் என்று அந்தச் செய்தி தவறாகப் போட்டதில் வந்ததுதான் அந்தப் பெரிய சதவீதம். நாசாவின் தளத்தில் சரிபார்க்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், கொழும்பில் காலைக் குளிர் தெரிவது சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் ஜனவரியையொட்டித்தான். வடகீழ்ப் பருவக்காற்றும் மேகமற்ற இரவுகளுமே காரணம். 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலையொட்டி வந்த குளிரில் வடக்கு கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்தன. அதுவும் காற்றின் வேலைதான்.

குளிர் எச்சரிக்கைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பாருங்கள். குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் காலுறை போட்டுவிடுங்கள். காய்ச்சல் என்றால் டொக்டரிடம் காட்டுங்கள். செய்தியை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள், குடும்பக் குழுவில் பெரியம்மா போட்டிருந்தாலும் சரி.