பெட்டி லவெட் 2008-இல் வந்த புதுமுகம் அல்ல

அமெரிக்கப் பாடகி பெட்டி லவெட், 2008-இல் வாஷிங்டனில் உள்ள கென்னடி சென்டர் கலையரங்க மேடையில் 'தி ஹூ' என்ற பிரிட்டிஷ் குழுவின் ராக் பாடலைப் பாடித்தான் பாடகியானார் என்று இங்கே பலர் பகிர்ந்திருக்கிறார்கள். அந்த மேடை அவரைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது, சரி. ஆனால் அவருடைய முதல் இசைத்தட்டு 1962-இலேயே அட்லாண்டிக் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வந்துவிட்டது. அப்போது அவருக்கு 16 வயது. அந்தப் பாட்டு ரிதம் அண்ட் புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை வகை) தரவரிசையில் முதல் பத்துக்குள் இடம்பிடித்தது. அப்புறம் 1972-இல் பதிவான முழு ஆல்பம் கிடப்பில் போடப்பட்டு, 2000-இல்தான் பிரான்ஸில் வெளியானது. பிரிட்டிஷ் ராக் பாடல்களை அவர் தன் சொந்த வலியாக மாற்றிப் பாடுகிறார் என்றால், அதற்குப் பின்னால் இத்தனை வருடக் காத்திருப்பு இருக்கிறது. அதை நாம் விட்டுவிடக் கூடாது. இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் (Discogs) இணையதளத்தில் அவர் பெயரைத் தேடி, வெளியீடுகளை ஆண்டு வரிசையில் வைத்துப் பாருங்கள். 1962 இசைத்தட்டு அங்கே தெரியும்.